பிகோனியாவுக்குப் போர்த்திய போர்வை

இன்று காலை திருப்பத்தூர் வீட்டின் ஜன்னலோரத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபோது எழுந்த ஈரமண் வாசனையில்தான், ஒட்டுத்துணிப் போர்வை தைத்தால் என்ன என்று சட்டெனத் தோன்றியது. மலையூரான நெல்லிவாசல்நாட்டில் அம்மா நர்ஸாக இருந்தபோது நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துவிட்ட குவார்ட்டர்ஸின் முன்னறை மாசிப் பனி முடியும்வரை இப்படித்தான் மணக்கும். பனியில் கருகாமலிருக்க உள்ளே எடுத்துவைத்த செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அம்மாவும் பக்கத்து வீட்டு ஷகிலா டீச்சரும் பழைய புடவைத் துண்டுகளை இணைத்துத் தைத்துக்கொண்டேயிருப்பார்கள், கதவிடுக்கில் காற்று விசிலடிக்கும்.

ஒருநாள் அவற்றில் பிகோனியா என்ற பூச்செடி வாடி நின்றது. குளிர்கிறதாக்கும் என்று நிறையத் தண்ணீர் ஊற்றி, டீச்சர் தனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காகத் தைத்து முடித்திருந்த போர்வையை அதற்குப் போர்த்திவிட்டேன். காலையில் பார்த்தால் போர்வையின் நடுவே செம்மண் கறை.

“இன்னாடி பண்ணி வெச்சிக்கிற?” என்று அம்மா கத்தினாள்.

டீச்சர் சிரித்துவிட்டார். “வுடுங்க சிஸ்டர். எம் புள்ளைக்கு முன்னாடி இன்னொரு புள்ள முந்திக்கிச்சு!”

துவைத்தும் போகாத கறையின்மேல் பச்சைப் புடவையில் இலை வெட்டித் தைத்தார். பிறகு பிறந்த குழந்தை அந்த இலையைத்தான் சப்பிச் சப்பித் தூங்கும்.

எனக்கு நேர்த்தையலே இன்னும் கோணல். ஆனாலும் நாளை, கறையே படாத துணியில் ஓர் இலை வைத்துத் தைத்துப் பார்க்கப் போகிறேன்.