சவர்க்காரப் பெட்டிக்கு ஒரு மீட்டர்

அப்பாவுக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்தை உருட்டும் ரோலர்களுக்கு நடுவிலேயே அவர் ஆயுள் கழிந்தது. கடைசியில் இடி விழுந்தால்தான் திரும்பிப் பார்ப்பார். அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. துரை என்ன சொன்னாலும் "சரிங்க", கங்காணி என்ன சொன்னாலும் "ஆகட்டுங்க". தோட்டத்தில் பிழைக்க இந்த இரண்டு சொல் போதும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

விசாரணைக்கு இந்த இரண்டு சொல் போதாது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அப்பா போட்ட மனு பல வருடம் கிடந்து, ஒருவழியாக இரத்தினபுரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நான் வயதுக்கு வந்தவன் என்பதால் என் மனு தனி, அது முன்பே முடிந்து எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அம்மாவின் பாடு அப்பாவோடு. மனுக்காரர் மட்டும்தான் உள்ளே போக வேண்டும், அவரே பதில் சொல்ல வேண்டும். போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைச் சொன்னார்கள். இந்தியாவுக்குப் போக விருப்பமா? அதற்கும் அப்பா "சரிங்க" என்றுவிட்டால் இரண்டு பேரையும் கப்பலேற்றிவிடுவார்கள்.

எனக்கு ரேடியோப் பைத்தியம் உண்டு. பழைய புத்தகங்களைப் பார்த்துப் படித்ததுதான், யாரும் சொல்லித் தரவில்லை. காது மெஷின் வாங்க எங்களுக்கு வக்கில்லை. மூன்று டிரான்சிஸ்டரும் ஒரு சின்ன மைக்கும் இருந்தால் அப்படியொன்றை நானே செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. பெல்மதுளைச் சந்தியில் ரேடியோ திருத்தும் சிங்கள பாஸ் ஒருவர், செத்த ரேடியோக்களிலிருந்து பிடுங்கிய டிரான்சிஸ்டர்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு அள்ளி அள்ளி விற்பார். அதில் எது உயிரோடு இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. சோதித்துப் பார்க்க மீட்டர் ஒன்று இல்லாமல் அந்த டின்னில் கை வைப்பது மடத்தனம்.

டோர்ச் பல்பும் இரண்டு வயரும் வைத்துச் சோதிக்கலாம் என்று கூட்டாளி ஒருவன் யோசனை சொன்னான். செய்து பார்த்ததில் நன்றாக இருந்த ஒன்றும் கருகிப் போனது. அவனைத் திட்டிவிட்டு மீட்டர் பார்க்கப் போனேன்.

பாஸிடம் விற்பதற்கு இரண்டு பழைய மீட்டர்கள் இருந்தன. ஒன்று பெரியது, கறுப்பு, கண்ணாடிக்குள் கத்தி மாதிரி முள். அதைக் கையில் எடுத்தாலே எஞ்சினியராகிவிட்ட மிதப்பு வரும். விலை கூட, பாதியைத் தவணையில் தரலாம் என்றார். முதுகைத் திறந்து பார்த்தேன். சாதாரண செல்லோடு சதுரமான பாட்டரி ஒன்றும் போட வேண்டியிருந்தது, அந்த இடம் காலியாகக் கிடந்தது. கேட்டதற்கு, "மே பெட்டரி லங்காவே நே" என்று சிரித்தார். இலங்கையிலேயே கிடைக்காத பாட்டரிக்காகத் தவணை கட்ட நான் தயாராக இல்லை.

மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும். மூலையில் விரிசல், எண்கள் மங்கல். ஆனால் பேனா டோர்ச்சுக்குப் போடும் ஒரு செல் போதும். இரண்டு கம்பிகளையும் முட்டவைத்தேன், முள் ஒரே ஓட்டமாகப் போய்ப் பூச்சியத்தில் நின்றது. படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பார்த்தேன், முள் தன் இடத்துக்கே திரும்பியது. அதையே எடுத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து டின்னை அலசினேன். கம்பிகளை ஒரு மாதிரி வைத்தால் முள் எழும்ப வேண்டும், மாற்றி வைத்தால் அசையக்கூடாது. இரண்டுக்கும் எழும்பினால் செத்தது, இரண்டுக்கும் எழும்பாவிட்டாலும் செத்தது. அந்தி சாய்வதற்குள் எனக்கு வேண்டிய மூன்று டிரான்சிஸ்டரும், பழைய சாமான்களுக்குள் ஒரு மைக்கும் இயர்போனும் கிடைத்துவிட்டன.

நாங்கள் குடியிருந்த லயத்தில் கரண்ட் இல்லை. அம்மாவின் அடுப்பில் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஈயம் பற்றவைத்து, எல்லாவற்றையும் குளிக்க எடுத்துப்போகும் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடக்கினேன். பெட்டியை அப்பாவின் சட்டைப்பையில் போட்டு, வயரின் நுனியிலிருந்த இயர்போனைக் காதில் செருகினேன். அவர் திடுக்கிட்டுக் கூரையைப் பார்த்தார். தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் நின்று அழுதாள், எனக்கும் கண் கலங்கியது. இந்தியாவுக்குப் போக விருப்பமா என்று மெதுவாகக் கேட்டேன். "இல்லீங்க, இங்கனயேதான் இருப்போம்" என்றார். விசாரணை நாள்வரை தினமும் கேட்டேன், ஒரு நாளும் தவறவில்லை.

இரத்தினபுரிப் பிரஜாவுரிமைக் கந்தோரில் என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கதவு திறந்தேதான் இருந்தது. அப்பா உள்ளே போனார். மேசைக்குப் பின்னால் துரை மாதிரி ஒருவர் இருப்பதைக் கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு காதிலிருந்த இயர்போனையும் கழற்றி, வயரைச் சுற்றி, மரியாதையாகப் பைக்குள் போட்டார். துரைக்கு முன்னால் தலையிலோ காதிலோ எதையும் வைத்துக்கொண்டு நிற்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்தும் இது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை.

துரை சிங்களத்தில் கேட்டதைப் பக்கத்திலிருந்தவர் தமிழில் கேட்டார். அப்பா, "சரிங்க" என்றார். துரை நல்ல மனிதர், நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். நான் வாசலிலிருந்து "அப்பா" என்று கத்தினேன். அறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அப்பாவைத் தவிர.

"ஆகட்டுங்க" என்றார்.

எழுதிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் உள்ளே போகப் பார்த்தேன், பியோன் விடவில்லை. அப்பா வெளியே வந்து, தலைப்பாகையைக் கட்டி, இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"தொர என்னப்பா கேட்டாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"இந்தியாவுக்குப் போறீங்களான்னு கேட்டாருப்பா. நீங்க சரின்னுட்டீங்க."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.