மதராஸில் வாங்கிய அளவுத் தகடு

1958 மார்ச் 12, புதன்கிழமை. விடிந்ததும் ரொட்டிக்கடைக்குப் போய் வந்தேன், முகம் மழித்தேன், அப்பாவுக்குப் படுக்கையிலேயே காப்பி கொடுத்தேன். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த அவரை மறுநாள் மதராஸ் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. எங்கள் பழைய பிரெஞ்சுக் கார்தான் கதி. அதுவோ ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தடதடவென்று சத்தம் போட்டது, இழுக்கவும் இல்லை.

வண்டியைப் பார்க்க வந்த ஒர்க்ஷாப் மேஸ்திரி, "வால்வு தேஞ்சுபோச்சு சார். ஹெட்டைக் கழட்டணும், ரெண்டு நாள் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஒரு நாள்தான் இருந்தது. நானே பார்த்துவிடுவது என்று இறங்கினேன். இன்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வாயருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். வால்வு சரியாக மூடாவிட்டால் காகிதம் இடையிடையே உள்ளே இழுபடும். இது ஒரே சீராக வெளியே படபடத்தது. ஆகவே வால்வில் பழுதில்லை. வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் சந்தேகம்.

ஞாயிறன்று அதை வைத்தவர் என் தங்கையின் கணவர். அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்க்கும் பழைய அளவுத் தகடுகள் தொலைந்துபோய், மதராஸில் புதிது வாங்கி வந்திருந்தார்.

"புஸ்தகத்துல இருக்கிறபடி காத்து வால்வுக்குப் பத்து, புகை வால்வுக்கு இருவத்தஞ்சுதான் வச்சேன் மச்சான். பட்டணத்துச் சாமான்!"

தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். "சாமான் இங்கிலீஷ்காரனுது மாப்ளே, வண்டி பிரெஞ்சுக்காரனுது. புஸ்தகத்துப் பத்து, மில்லிமீட்டர்ல நூத்துல பத்து. இந்தப் பத்து, அங்குலத்துல ஆயிரத்துல பத்து. ரெண்டரை மடங்கு வச்சிருக்கீங்க."

அடுக்களையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: "ஆழாக்கு கேட்டா படி அளந்து கொட்டிட்டாரா? இங்கயும் அப்படித்தான்!"

"உங்கண்ணன் கிட்ட என்னை மாட்டிவிடாதே" என்றார் அவர், சட்டையைக் கழற்றியபடி.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். கணக்குப் போட்டதில், காற்றை உள்ளே விடும் வால்வுக்கு அந்த இங்கிலீஷ் தகடுகளில் நான்கு என்று எண் போட்டது, புகையை வெளியே விடும் வால்வுக்குப் பத்து என்று போட்டது என்று வந்தது. அவர் கைப்பிடியால் இன்ஜினைச் சுற்றிக் கொடுக்க, தகடு லேசாகப் பிடித்து நகரும்வரை ஒவ்வொரு திருகாகத் திருப்பி, நட்டை இறுக்கினேன். இறுக்கியபின் மறுபடி பார்த்தேன். இரண்டு இடங்களில் பிசகியிருந்தது, திரும்ப வைத்தேன்.

சாயங்காலம் ஊருக்கு வெளியே பிள்ளைச்சாவடிவரை ஓட்டிப் பார்த்தோம். வழியெல்லாம் அவர் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். சத்தம் அடங்கியிருந்தது. நன்றாக இழுத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அப்பா காலை நீட்டிப் படுக்க வசதியாக மெத்தையை விரித்தோம்.