எழுந்து போகாத பசி

ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் எலிகளுக்குத் தீனி போடுவதும், கூண்டு கழுவி மரத்தூள் மாற்றுவதும் அவள் வேலை. தெருவில் 'எலிக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் சளைத்தவள் இல்லை. உங்கள் வீட்டு ஆம்பிளைகளைவிட எலி மேல், போட்டதைக் குறை சொல்லாமல் தின்னும் என்று திருப்பிக் கொடுப்பாள்.

குறை சொல்லாத ஆள் ஒருவன் அவள் வீட்டிலும் இருந்தான். தம்பி. சரக்கு வண்டி ஓட்டியவன். கால் ஓரிடத்தில் தரிக்காது, வாய் அதைவிட மோசம். போன வருடம் மூளைக்காய்ச்சல் வந்து, செத்துப் பிழைத்தான். கைகால் விளங்காமல் போகவில்லை, பேச்சும் போகவில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தே இருந்தான். கேட்டால் பதில் வரும், தானாக ஒரு சொல் வராது. அம்மா தட்டை மடியில் வைத்து, எடு, மெல்லு, இன்னொரு வாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் சாப்பாடு உள்ளே இறங்கும். உடம்பு தேறிய பிறகும் இதென்ன நோய், சொகுசு கண்ட உடம்பு என்று சித்தி தீர்ப்பே எழுதிவிட்டாள். எலிக்காவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தங்கையின் பிரசவத்துக்கு அம்மா வெளியூர் கிளம்பினாள். பேருந்து ஏற்றிவிட்டு வந்த கையோடு எலிக்கா தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

"இனிமே சாப்பாடு அடுப்படியில இருக்கும். பசிச்சா நீயா வந்து எடுத்துக்க. கொண்டாந்து ஊட்ட இங்க யாரும் இல்ல."

"சரிக்கா" என்றான்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்கிறார்கள், சோம்பேறித்தனம் மட்டும் பறக்காதா என்ன? ஆனால் சாயங்காலம் அவள் திரும்பியபோது மூடிய தட்டு மூடியபடியே இருந்தது. வீம்பு என்று நினைத்தாள். ஆத்திரத்தில் இரவும் தட்டை அடுப்படியிலேயே வைத்தாள். போனில் கேட்ட அம்மாவிடம், வயிறு நிறையச் சாப்பிட்டான் என்றாள். காலையிலும் அப்படியே மூடி வைத்துவிட்டு, யார் பிடிவாதம் பெரியது என்று பார்த்துவிடலாம் என வேலைக்கு வந்தாள்.

அன்று அவள் வரிசையில் புதிதாக ஒரு கூண்டு இருந்தது. உள்ளே ஒரு குட்டி எலி, முதுகெலும்பு துருத்தியபடி தீனிக் குவியலின் மேலேயே மூக்கை வைத்துக் கிடந்தது. தண்ணீர்க் குப்பியை ஆட்டிப் பார்த்தாள், அடைப்பில்லை. தீனியை முகர்ந்தாள், கெடவில்லை. பழி தன் தலையில்தான் விடியப்போகிறது என்று பதறி ஆராய்ச்சி மாணவியைக் கூப்பிட்டாள்.

மாணவி ஊசியோடு வந்தாள். நேற்று மாலையே போட வேண்டியது, தாமதமாகிவிட்டது என்றாள். இந்த எலிகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்காதபடி பிறப்பிலேயே மாற்றியிருக்கிறார்களாம். அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையின் நடுவே ஒரு சின்னக் கொத்துதான். அவை ஊமையாகிவிட்டால் எலி தீனியின் மேலேயே படுத்துப் பட்டினி கிடந்து செத்துவிடுமாம்.

எலிக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. ருசி தெரியாதோ என்று கேட்டாள். மாணவி ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரை எலியின் வாயில் விட்டாள். எலி ஆசையாக நக்கியது. அடுத்த துளியை ஒரு விரல்கடை தள்ளி வைத்தாள். எலி அசையவில்லை.

"பசியும் இருக்குக்கா, ருசியும் தெரியும். எழுந்து போன்னு உள்ளேர்ந்து தள்ளிவிடுறதுதான் இல்ல."

டோபமைனை ஈடுகட்டும் மருந்தை மாணவி ஊசியில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அந்த எலி எழுந்தது, நடந்தது, தீனியைக் கையில் பிடித்துக் கடித்தது. மனிதர்களுக்கும் இப்படி வருமா என்று கேட்டாள் எலிக்கா. எலி வேறு, மனிதர் வேறு என்றாள் மாணவி. ஆனால் மூளையில் அடிபட்டால், காய்ச்சல் கண்டால், சிலருக்கு இது மாதிரி ஆவதுண்டு, நரம்பு மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்று மாணவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் படியேறிவிட்டாள். வழியில் சித்தி ஏதோ கேட்டது காதில் ஏறவில்லை. வீட்டுப் பூட்டில் சாவி வழுக்கியபோதுதான் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருப்பது தெரிந்தது.

காலையில் விட்ட இடத்தில், விட்ட கோலத்தில் அவன் இருந்தான். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் புகட்டினாள், மடக்மடக்கென்று குடித்தான். ஒரு வாய் பிசைந்து ஊட்டினாள். மென்று விழுங்கினான்.

"பசிச்சுதாடா?"

"ரொம்ப."

"அப்புறம் ஏண்டா வரல?"

யோசித்தான். "வரணும்னு தெரியும்க்கா. வரல."

"என் மேல கோவமா?"

"இல்லக்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நேற்றிலிருந்து பட்டினி போட்டவள் மேல் ஒரு பொட்டுக் கோபம்கூட இல்லாத அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. இன்னொரு வாய் ஊட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். அவன் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, நான்தான் கொடுக்கவில்லை, நாளைக்கே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். "இப்ப மெல்லுறானா பாரு" என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தாள். ஊட்டிய வாய் அப்படியே கன்னத்தில் உருண்டையாக நின்றது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெல்லுடா" என்றாள். மென்றான்.