லாக் எந்தக் கைக்கு?

2024 மே 16, வியாழக்கிழமை, காலை பத்து மணி. மலைமேல் ஜமுனாமரத்தூரில், வண்டிகளுக்கு சீட் தைக்கும் கௌரி அக்காவின் கடை முன்னால் ஒரு கறுப்பு அம்பாசிடர் வந்து நின்றது. தமிழ் முதுகலை முதலாண்டுத் தேர்வை முடித்துவிட்டு, கோடை விடுமுறைக்கு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அளவெடுப்பதும் ரெக்சின் வெட்டுவதும் என் பொறுப்பு. வழக்கமாக வருபவை ஜீப்புகளும் வேன்களும்தான். அறுபதுகளில் செய்யப்பட்ட காரை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். அதன் கதவை மூடும்போது எழுந்த ஓசையில் இரும்பின் கனம் தெரிந்தது.

காரின் சொந்தக்காரர் வெள்ளையன். சாமையும் புளியும் விளைவிப்பவர். கார் அவருடைய தந்தை வாங்கியது.

"பெல்ட் போடணும், கௌரி. முன்னாடி, என் பக்கத்து சீட்டுக்கு."

"இன்னாண்ணா திடீர்னு? இத்தினி வருசம் இல்லாத பெல்ட்டு?"

"மலருக்கு கீழ போளூர்ல வேலை கெடச்சிருக்குது. திங்கக்கிழமை சேரணும்."

மலர் அவருடைய மகள். சிறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பின் அவளுடைய வலது கை மடங்கியே இருந்தது. வலது காலிலும் வலுக் குறைவு. கூட்ட நேரத்துப் பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மலைப்பாதையில் நின்று வர முடியாது. காரிலோ ஒவ்வொரு வளைவிலும் சரிந்துவிடுவாள். அதனால் வெள்ளையன் வலது கையால் ஸ்டேரிங்கைத் திருப்பி, இடது கையை மகளுக்குக் குறுக்கே நீட்டியபடியே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். அன்றாடம் அப்படி ஓட்ட அவருக்கே பயம். பெல்ட் சரியாக அமையாவிட்டால் வேலைக்கு அனுப்புவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

முதல் வேலை

பழைய கார்களில் பெல்ட்டுக்கென்று துளை இராது. மெல்லிய தகட்டில் துளையிட்டு போல்ட்டை மட்டும் முடுக்கினால், மோதலின்போது தகடு கிழிந்து போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கௌரி அக்கா கதவுகளுக்கு நடுவிலுள்ள பில்லரின் உள்பக்கமும் தரைக்கு அடியிலும் கனத்த பிளேட்டுகளை ஒரு வெல்டரைக் கொண்டு வெல்டிங் வைக்கச் செய்தார். வெல்டிங் முடிந்த ஒவ்வொரு பிளேட்டையும் சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். ஒன்றின் ஓசை பிடிக்கவில்லை. மறுபடி வைக்கச் சொன்னார். துருப்பிடிக்காதபடி பெயின்ட் அடித்த பிறகே போல்ட்டைத் தொட்டார். வண்டிக்குள் இருந்த ஒவ்வொரு அளவையும் நான் இரண்டு முறை எடுத்தேன். குறை சொல்ல முடியாத வேலை என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மலர் வந்தாள். முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். தந்தை பெல்ட்டை இழுத்து, நடுவிலிருந்த லாக்கில் சொருகினார்.

"கட்டியாச்சு. ஆடாம அசையாம வரலாம்."

மலர் இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் லாக்கைத் தேடினாள். அவளுடைய மடங்கிய வலது முழங்கை அதன் மேல் படிந்திருந்தது. விரல் பட்டது, பொத்தானை அழுத்த முடியவில்லை.

"நைனா, இத நான் கழட்ட முடியல."

"நீ எதுக்குக் கழட்டணும்? நான் கழட்டி வுடறேன்."

"வண்டி கவுந்து நீ மயக்கமா கெடந்தா?"

"வாயக் கழுவு. கட்டிக்கினு வந்தாதான் வேலை."

"கட்டாதே கட்டாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது! ஜீப்புல துண்டால கட்டினியே, ஞாபகம் இருக்குதா? முடிச்சு முதுகுக்குப் பின்னால. புளிமூட்டையோட நானும் ஒரு மூட்டை. எறங்குற எடத்துல எல்லாரும் எறங்கி, டீ குடிச்சிட்டு வந்து அவுத்து வுட்டீங்க. எனக்கு வேலையும் வேணாம், இந்தக் கட்டும் வேணாம்."

நான் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினேன். காரின் எல்லா அளவுகளும் என்னிடம் இருந்தன. உட்காரப் போகிறவளின் கை எதுவரை எட்டும் என்பது மட்டும் இல்லை. மலரை ஒரு முறை வரச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கௌரி அக்கா காரைச் சுற்றி வலப்பக்கம் வந்தார். பிறகு பின்கதவைத் திறந்தார்.

"மலரு, இப்டி வா. டிரைவருக்குப் பின்னாடி குந்து. இப்ப லாக்கு உன் எடது பக்கம் வரும். எட்டுதா பாரு."

எட்டியது.

"பின்னாடி குந்தினா எப்டிம்மா நான் புடிக்கிறது?" என்றார் வெள்ளையன்.

"நீ புடிக்கக்கூடாதுன்னுதாண்ணா பெல்ட்டே."

இரண்டாம் வேலை

முடிந்த வேலையைப் பிரிப்பவர் முகத்தில் சலிப்பு இருக்கும். கௌரி அக்காவின் முகத்தில் அதை நான் காணவில்லை. போல்ட்டுகளைக் கழற்றினார், முன்பக்கத் துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டார். பின்கண்ணாடியை ஒட்டிய வலப்பக்கப் பில்லரின் உள்துணியைத் தையல் பிரித்து, புதிய பிளேட் வைத்தார். லாக்கில் சொருகும் பெல்ட்டின் நாக்கை ஒற்றைக் கையால் பற்ற எளிதாக இருக்க, அதில் ஒரு துணி வளையம் தைத்தார். வளையத்தின் அகலத்தை மலரின் விரல்களை வைத்தே நான் அளந்தேன்.

சனிக்கிழமை மாலை சோதனை ஓட்டம். முதலில் கௌரி அக்காவே அந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

"எறக்கத்துல நல்லா பிரேக் அடிண்ணா. பயப்படாத, ஒடஞ்சா என் மூக்குதான் ஒடயும்."

பெல்ட் இறுகிப் பிடித்தது, மூக்கு பிழைத்தது. அதன் பிறகே மலரை உட்காரவிட்டார். மலர் துணி வளையத்தைப் பற்றி இழுத்துத் தானே மாட்டினாள். கௌரி அக்கா அவளருகே, நான் முன்னே. போளூர் சாலையில் இறங்கினோம். முதல் கொண்டை ஊசி வளைவில் வெள்ளையனின் இடது கை தானாக எழுந்து என் பக்கம் நீண்டது. மகள் அங்கே இல்லை என்று உணர்ந்து அந்தரத்தில் நின்றது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"நைனா, ரெண்டு கையும் ஸ்டேரிங்ல வை. நான் நல்லாத்தான் கீறேன்."

அவர் வைத்தார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, மகளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் இரு கைகளால் ஓட்டினார். அடிவாரத்தில் நிறுத்தி, உதவிக்கு இறங்கப் போனார். அதற்குள் 'டக்' என்று பெல்ட் கழன்ற ஒலி கேட்டது. மலர் கதவைத் திறந்து சாலையில் நின்றாள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்குக் கெளம்பணும். நீ லேட் பண்ணாத," என்றாள் தந்தையிடம்.



மறுநாள் காலை, நான் கடையைத் திறந்ததும் ஒருவர் தம் ஜீப்பை நிறுத்தி, மனைவி உட்காரும் பக்கத்துக்கு பெல்ட் வேண்டும் என்றார். நான் டேப்பை எடுக்கவில்லை. அதிகம் பேசாத நான் அவரிடம் சொன்னேன்: "அவங்கள கூட்டிட்டு வாங்க. அவங்க உட்கார்ந்த பிறகுதான் அளவு எடுப்பேன்."