செருப்பைப் பிடித்த கோல் காப்பாளன்

வெள்ளைக்காரர் ஆட்சியில், மன்னாரில் சம்பளத்துக்கு ஆள் வைத்து விளையாடிய உதைபந்துக் கழகம் எங்களுடையது ஒன்றுதான். கடைக்காரர்களும் கமக்காரர்களும் பங்கு போட்டு நடத்தினார்கள். நான் பகலில் கந்தோர் கிளாக்கர். பின்னேரத்தில் கழகத்தின் கோல் காப்பாளன்.

அந்த வருடப் பங்குதாரர் கூட்டத்தில் ஒரேயொரு விசாரணைதான். கடலுக்கு அக்கரையில் இந்தியாவிலிருந்து கப்பலில் வரவழைத்த முன்வரிசை ஆட்டக்காரன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பளபளக்கும் சப்பாத்தோடு அவன் மூலைக் கதிரையில் ஒடுங்கியிருந்தான்.

நானாட்டான் கமக்காரர் எழும்பினார். "வயலில வெருளி நட்டாலும் குருவியையாவது கலைக்கும். இவர் என்ன செய்தவர்?"

"இந்த மணல்ல பந்து உருளவே மாட்டேங்குது அண்ணே" என்றான் அவன்.

எருக்கலம்பிட்டி முதலாளிக்குப் பொறுக்கவில்லை. அவர்தான் பெரிய பங்குதாரர். உடம்பும் அதற்கேற்ற உடம்பு. "மணலோ? நாங்கள் என்ன சீமெந்திலயே நடக்கிறம்? நான் அடிச்சுக் காட்டுறன், வாங்கோ!"

இதற்கெல்லாம் விதியில் இடமில்லை என்று தலைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மண்டபம் காலியாகிவிட்டது. எல்லோரும் பக்கத்து மைதானத்தில் நின்றார்கள். என்னைக் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள்.

"அந்தக் கந்தோர்க் கோட்டைக் கழட்டுங்கோ கிளாக்கர்" என்றார் முதலாளி.

"தேவைப்படாது" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

முதலாளி சாரத்தை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க ஓடிவந்து உதைத்தார். ஏதோ ஒன்று என் வலப்பக்கமாகப் பறந்து வந்தது. பாய்ந்து விழுந்து, இரண்டு கையாலும் அழகாகப் பிடித்தேன். அது அவருடைய செருப்பு. பந்து இடப்பக்கமாக, அவசரமே இல்லாமல் உருண்டு கோல் கோட்டைத் தாண்டியது.

"பந்தை விட்டுட்டுச் செருப்பைப் பிடிக்கிறவருக்கோ நாங்கள் சம்பளம் குடுக்கிறம்?" என்று கத்தினார் கமக்காரர்.

அக்கரை ஆட்டக்காரன் வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தான். "நல்ல பிடி அண்ணே!"

கூட்டம் அந்த இடத்திலேயே தொடர்ந்தது. அவனுடைய வழக்கை எல்லோரும் மறந்துபோனார்கள். ஏகமனதாக என்னை நீக்கினார்கள். கோட்டு நிறைய மணலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப கோலுக்கு ஆர்?" என்றார் தலைவர்.

"முதலாளி நிண்டாலே பாதிக் கோல் மறைஞ்சிடும்" என்றார் கமக்காரர். அதுவும் நிறைவேறியது.

சிலாவத்துறை அணியோடு நடந்த அடுத்த ஆட்டத்துக்குப் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால், கால் கேட்கவில்லை. எதிரணியின் பலமான உதை ஒன்று முதலாளியின் வயிற்றில் நேராக மோதியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பந்து திரும்பிப் பறந்து, நடுமைதானம் தாண்டி, மறிக்க ஆளில்லாமல் நின்ற எங்கள் அக்கரைக்காரனின் காலடியில் விழுந்தது. அவன் ஓடினான், அடித்தான், கோல்!

என்னை அறியாமலே துள்ளிக் குதித்துக் கத்திவிட்டேன்.

முதலாளி உட்கார்ந்தபடியே கூட்டத்தில் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். "கண்டீங்களோ கிளாக்கர்?"

"ஓம் முதலாளி, கண்டனான்" என்றேன். பிறகு போய், இன்னும் இருவரோடு சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினேன்.