எரிச்சல் கேசட்

கதை கட்டுவதில் எனக்கு அருப்புக்கோட்டையில் கொஞ்சம் பேர் உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் கட்டியது ஒரு சொல்லும் கிடையாது. கட்டியிருந்தால், என்னை இவ்வளவு கேவலமாகவா வைத்துக் கட்டியிருப்பேன்?

1991, ஆவணி மாதம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம் தறி. விடிந்ததிலிருந்து நடுச்சாமம் வரை சடக்கு சடக்கு என்று ஓடும். எங்கள் தெருப் பிள்ளைகள் தறி ஓடினால் தூங்கும்; கரண்டு போய் தறி நின்றால் வீல் என்று முழித்து அழும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதானாலும் கத்த வேண்டும். ஆக, அடுத்த வீட்டுச் சங்கதி தெரிய வேண்டுமானால் சுவரில் காதை வைத்தால்தான் உண்டு. நான் வைத்தேன். சும்மா ஒரு அக்கறைதான்.

எங்கள் அடுக்களைக்கும் நூல்கடை தனுஷ்கோடி அண்ணன் அடுக்களைக்கும் நடுவே ஒரே சுவர். அண்ணன் மகன் அசோக்குக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில் வேலை. அவனைப் பெண் வீட்டார் வேண்டாம் என்று சொன்ன விஷயம், அவர்கள் அடுக்களையில் பேசி முடிக்கும் முன்னால் தெருக்கோடி வரை போய்விட்டது. யார் வழியாக என்று பயல் கண்டுபிடித்துவிட்டான்.

என் காதைச் சுவரிலிருந்து விரட்ட அவன் பதிந்ததுதான் அந்த எரிச்சல் கேசட்.

தகரத்தில் ஆணியால் கீறிப் பதிந்திருக்கிறான். ஈர பலூனைத் தேய்த்துப் பதிந்திருக்கிறான். எல்லாமே தறிச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. கடைசியில் வழி காட்டியது அவன் அத்தை ராமலட்சுமி அக்கா. தனுஷ்கோடி அண்ணனின் தங்கை. புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு இருந்தாள். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, சிமெண்டுத் தரையில் அழுத்தி, ஒரு இழுப்பு.

க்ர்ர்ரீ...ச்.

தறியைத் தாண்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பல்லெல்லாம் கூசியது. சுவரை விட்டுத் துள்ளிவிட்டேன். இழுத்து முடித்ததும் அக்கா சிரித்த சிரிப்பும் சேர்ந்து பதிந்துவிட்டது. அதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டான். தட்டு, சிரிப்பு. தட்டு, சிரிப்பு. தினம் சுவரோரம் டேப்பில் இதே கச்சேரி.

வாசலில் பார்த்தால், "என்னடி முருகேசு, காது நல்லாருக்கா?" என்பாள் அக்கா.

"உங்க வாயி அளவுக்கு இல்லக்கா" என்பேன்.

விரோதமெல்லாம் இல்லை. எங்களுக்குள் அப்படி ஒரு விளையாட்டு.

ஒரு புதன்கிழமை காலை அந்த வீட்டார் பரளச்சிக்கு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்கள். அக்கா மட்டும் முழங்கால் வலி என்று நின்றுவிட்டாள். பஸ்ஸுக்குப் போகிறவர்களை வாசலில் நின்று ஒவ்வொரு ஆளாகப் பார்த்தேன். அசோக் இல்லை. சரி, பயல் வீட்டில்தான் இருக்கிறான். நானே முடிவு கட்டிவிட்டேன்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும்.

க்ர்ர்ரீச்.

"ஏலே அசோக்! நிறுத்துடா!"

நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

"உங்கப்பா வரட்டும்டா, சொல்லித் தாரேன்!"

மறுபடி. விட்டு விட்டு. விளக்கு வைத்த பிறகும் வந்தது. போகப் போக சத்தம் மெலிந்தது. பேட்டரி தீருதுடா ராசா என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். நூல் புழங்குகிற தெருவில் பஞ்சுக்கா பஞ்சம்? ரெண்டு காதிலும் அடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பால்காரர் சோணைமுத்து அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். "அத்தையும் மருமகனும் இழுத்துப் போத்தித் தூங்குவாக, நீங்க போங்க" என்றேன். போய்விட்டார்.

மத்தியானம் பன்னிரண்டு பத்து. கரண்டு போனது.

தெரு முழுக்கத் தறி நின்றது. எங்கோ ஒரு தொட்டில் பிள்ளை அழுது அடங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. உச்சி வெயில். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை.

க்ர்ர்ரீச்.

புதுப் பேட்டரி போட்டுவிட்டான் போல. ராத்திரிப் பஞ்சை எடுத்துக் காதில் வைத்தேன்.

சத்தம் குறையவில்லை.

இன்னும் உள்ளே அழுத்தினேன். குறையவில்லை. மேலே கையையும் வைத்துப் பொத்தினேன்...

அதே சத்தம். அதே அளவு.

அப்போதுதான் ஒன்று உறைத்தது.

சிரிப்பு எங்கே?

தட்டு இழுத்ததும் அக்கா சிரிக்க வேண்டும். நேற்றிலிருந்து அந்தச் சிரிப்பு வரவே இல்லை.

"அசோக்...?"

நின்றது.

"அக்கா...?"

க்ரீச்.

தரையில் இல்லை.

சுவரில்.

என் காது உயரத்தில்...

தெருவுக்கு ஓடினேன். எதிரே அசோக் வந்துகொண்டிருந்தான். தோளில் பை. கையில் டேப்ரெக்கார்டர்.

"என்னத்தே, இப்பிடி ஓடியாறீக?"

"நீ... வீட்டுல இல்லையா?"

"நேத்தே கடையிலருந்து நேரா பரளச்சிக்குப் போயிட்டேனே. விசேசத்துல பாட்டுப் போட டேப்பு கேட்டாக. அப்பாவும் பின்னாடியே வாராரு."

கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. அசோக் கொல்லைச் சுவரேறிக் குதித்து வந்து திறந்துவிட்டான்.

ராமலட்சுமி அக்கா அடுக்களையில் கிடந்தாள். வழுக்கி விழுந்திருக்கிறாள், தலையிலும் அடி. ஒரு கால் கோணிக்கொண்டு கிடந்தது. எழுந்து நிற்கிற கால் இல்லை அது. கைக்கு அடியில் கவிழ்ந்த தட்டு. தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கோடு. தண்ணீர்க் குடம் கைக்கு எட்டாத தூரத்தில்.

சுவரிலும் ஒரு கோடு இருந்தது. ஆள் நின்றால்தான் எட்டுகிற உயரம்.

அக்கா வாய்விட்டுக் கத்தியும் பார்த்திருப்பாள். தறிச் சத்தத்தில் யாருக்குப் போய்ச் சேரும்? தறியைத் தாண்டுவது எது என்று அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது எப்போதும் உண்டு என்பதும் தெரியும். அதை நம்பித்தான் இழுத்திருக்கிறாள். நானும் பதில் சொல்லியிருக்கிறேன்.

நிறுத்துடா என்று.

தனுஷ்கோடி அண்ணன் வந்து சேர்ந்தார். தங்கச்சியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை ஓய்ந்து என் பக்கம் திரும்பினார்.

"முருகேசு, பக்கத்துலதானம்மா இருந்த. ஒரு சத்தமும் கேக்கலையா?"

தெருவே என்னைப் பார்த்தது. மூணாவது வீட்டில் பூனை பால் குடித்தாலும் முருகேசுக்குக் கேட்கும் என்று கேலி பேசுகிற தெரு.

"கேக்கலண்ணே."

அசோக் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதையே பார்த்துக்கொண்டு நின்றான். பஞ்சு அப்படியே இருந்தது. நாலு பேர் முன்னால் அவன் காறித் துப்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

டாக்டர் வந்தார். விறைத்துப்போன கையைத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து ராத்திரியே உசுரு போயிருச்சு. பத்து மணிக்குள்ள இருக்கும்."

நேற்று ராத்திரி...

அப்படியானால், இன்று பன்னிரண்டு பத்துக்கு?

வாய் வரைக்கும் வந்துவிட்டது. டாக்டரிடம் கேட்கலாம். அண்ணனிடம் கேட்கலாம். தெருவில் வேறு யாருக்காவது அந்தச் சத்தம் வந்ததா என்றாவது கேட்கலாம்.

எப்படிக் கேட்பேன்?

எனக்குத்தான் ஒன்றுமே கேட்கவில்லையே.