அப்பா சொன்ன அறுபத்தைந்து

அப்பா போக்குவரத்துப் போலீஸில் வேலை பார்த்தவர். பாதிக் காலம் மோட்டார் சைக்கிளில் ரோந்து போனார், மீதிக் காலம் சாலையோரம் வேகம் அளக்கும் கருவியோடு நின்றார். சின்ன வயதில் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நானும் அண்ணனும் வண்டிகளின் வேகத்தைக் கேட்டு அவரைச் சோதிப்போம். "அப்பா, அந்த வெள்ளை வேன்?" "ஐம்பத்தெட்டு." "அந்த டாக்சி?" "நாற்பத்தாறு, இப்ப பிரேக் போட்டுட்டான்." அவர் சொல்வது சரியா என்று பார்க்க எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அப்பாவின் கண்ணே மீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வளர்ந்த பிறகும், என் கணவர் வீட்டாரிடம்கூட அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவும் நானும் தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். நான் ஒரு கடையில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். அப்பா நடைபாதை ஓரத்தில் எனக்காக நின்றார். காய்கறி லாரிகள் வரிசையாக நிறுத்திச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு அது. முதலில் ஒரு மோட்டார் சைக்கிளின் பெரிய உறுமல் கேட்டது. அடுத்து ஒரு பெண்ணின் குரல், அப்புறம் இரும்பு தார்ச்சாலையில் தேயும் சத்தம்.

நான் திரும்பியபோது ஒரு சீன மூதாட்டி சாலையில் உட்கார்ந்த நிலையில் தன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதை ஓட்டிவந்த தமிழ் இளைஞன் முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து அவரை நோக்கி நொண்டி வந்தான். எழுபது வயதைத் தாண்டிய அப்பா அதற்குள் நடுச்சாலையில் நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஒருவரை ஆம்புலன்ஸை அழைக்கச் சொன்னார். மூதாட்டியிடம் மலாயில் பேசி, அசையாமல் இருக்கச் சொன்னார். கூட்டம் அவர் சொன்னதைக் கேட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

போலீஸ் வந்ததும் அப்பா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிறகு, "அறுபத்தைந்து. குறைஞ்சா அறுபது. இந்த ரோட்டுல அந்த ஸ்பீட்ல வரலாமா?" என்றார்.

"இல்ல அங்கிள், நான் நாற்பதுகூட வரலை. அவங்க லாரிக்கு நடுவுல இருந்து திடீர்னு வந்துட்டாங்க" என்றான் இளைஞன்.

"தம்பி, எத்தனை வருஷம் ரோட்டுல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

இளைஞன் எங்களைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். யாரும் அவனுக்காகப் பேசவில்லை. நீங்கள் பார்த்தீர்களா என்று போலீஸ்காரர் என்னைக் கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா எங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த சில வாரங்கள் வீட்டுக்குக் கீழே காப்பிக்கடையில் அப்பாவின் பேச்சு அதுதான். அவருடைய நண்பர்கள் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒருவர், "இந்த ஜேபி பைக்கெல்லாம் இப்படித்தான் லா" என்று எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து வரும் வண்டிகளைச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை.

பிறகு விசாரணை அதிகாரி அப்பாவை அழைத்தார். நானும் கூடப் போனேன். அதிகாரி ஒரு தமிழ்ப் பெண், என் அண்ணன் மகள் வயதுதான் இருக்கும். அப்பாவை சார் என்றே கூப்பிட்டார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வந்த ஒரு காரின் கேமராப் பதிவு கிடைத்திருப்பதாகச் சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் மோட்டார் சைக்கிள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. காருக்கும் அதற்கும் நடுவே இருந்த இடைவெளி அதிகரிக்கவே இல்லை. லாரிகளுக்கு நடுவிலிருந்து மூதாட்டி, கையில் பையோடு, வலப்பக்கம் பார்க்காமல் இறங்கினார். வண்டி சட்டென்று விலகி, அவர் காலில் உரசிச் சாய்ந்தது. அவ்வளவுதான்.

"மறுபடி போடுங்கம்மா" என்றார் அப்பா.

போட்டார். அப்பா இன்னொரு முறையும் கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

"விளக்குக் கம்பத்துக்கு நடுவுல உள்ள தூரத்தை வச்சுக் கணக்குப் பண்ணிட்டாங்க சார். நாற்பதைத் தொடலை" என்றார் அதிகாரி. "அந்த பைக்ல எக்ஸாஸ்ட் மாத்தியிருக்காங்க. சத்தம் பெருசா இருந்தா யாருக்கும் வேகமாத்தான் தெரியும் சார். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

அவர் எழுந்துபோய் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. அப்பா தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியைப் படிப்பதுபோல் பாவனை செய்தேன். அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை நான் காப்பி வாங்கிவரக் கீழே போனேன். அப்பா தன் நண்பர்களுடன் உட்கார்ந்திருந்தார். "நான் சொன்னது தப்பு. அந்தப் பையன் வேகமா வரலை. வீடியோவைக் காட்டிட்டாங்க" என்று அவர் சொல்வது வரிசையில் நின்ற என் காதில் விழுந்தது. ஒருவர், "கேமரா கோணம் மாறினா அப்படித்தான் தெரியும்" என்று ஒத்தாசைக்கு வந்தார். "இல்லை, நான்தான் தப்பு" என்றார் அப்பா. அவர் ஏன் இதை எல்லோரிடமும் சொல்கிறார், சும்மா இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அப்பா செய்யவேண்டியதைத்தான் செய்கிறார், நான் அதற்காக அவரைப் பார்த்துக் கூசுகிறேன் என்பது லிப்டில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

விபத்தன்று இளைஞன் போட்டிருந்த சட்டையில் உட்லண்ட்ஸில் உள்ள ஒரு டயர் கடையின் பெயர் இருந்தது. அப்பாவுக்கு அது நினைவிருந்தது. சனிக்கிழமை அங்கே போகவேண்டும் என்றார். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். தனியாகப் போகிறேன் என்றதும் கூடக் கிளம்பினேன்.

அவன் கடைக்குள் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்தபடி வெளியே வந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி, நான் உன்னைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிரு" என்றார் அப்பா.

"சரி அங்கிள்."

"போலீஸ்ல வண்டியைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஜேபியில இருந்து பஸ்ல வந்துட்டு இருக்கேன். எல்லையில கஸ்டம்ஸ்ல எவ்வளவு கூட்டம்னு உங்களுக்கே தெரியும். இங்க டெலிவரிக்கு என்னை அனுப்புறதை நிறுத்திட்டாங்க. கேஸ் முடியட்டும்னு பாஸ் சொல்லிட்டாரு."

அப்பா தலையை ஆட்டினார். அவன் கொஞ்ச நேரம் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அதுகூடப் பரவாயில்லை அங்கிள். நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நான்தான் வேகமா வந்தேனோ, மீட்டரைச் சரியாப் பார்க்கலையோன்னு. அந்த ஆன்டியை ஹாஸ்பிட்டல்ல போய்ப் பார்த்து, நான் வேகமா வந்துட்டேன்னு மன்னிப்புக் கேட்டேன். எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசலை."

அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கட்டுமா அங்கிள்? என் நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டுத்தானே சொன்னீங்க? ஜேபி பிளேட்னு?"

நான் அப்பாவின் முழங்கையைத் தொட்டேன். கிளம்பலாம் என்று சொல்லத்தான். சத்தத்தைக் கேட்டுத்தான் சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யாக இருந்திருக்காது.

"ஆமா தம்பி," என்றார் அப்பா. "முதல்ல சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பிளேட்டைப் பார்த்தேன். அதுக்கப்புறம் யோசிக்கவே இல்லை."

அவன் நீண்ட நேரம் அவரைப் பார்த்தான். பிறகு, "என்கிட்ட சொன்னதை அந்த ஆன்டிகிட்டயும் சொல்லிருங்க. அவங்களும் நான் வேகமா வந்தேன்னுதான் நினைச்சிட்டு இருப்பாங்க" என்றான். மூதாட்டியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, வீடு இருக்குமிடத்தைச் சொன்னான்.

அன்றைக்கே சுவா சூ காங்கில் அவர் வீட்டுக்குப் போனோம். மூதாட்டி காலில் கட்டோடு சோபாவில் இருந்தார். அவர் பள்ளிக்கூட உணவகத்தில் வெகுகாலம் கடை வைத்திருந்தவராம், மலாய் நன்றாகப் பேசினார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் கையை வீசினார். அந்தப் பையன் வேகமாக வரவில்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். தான்தான் பார்க்காமல் இறங்கியதாக ஆம்புலன்ஸ்காரரிடம்கூடச் சொன்னாராம். "பையன் ஹாஸ்பிட்டலுக்கு வந்து அழுதான். உன் தப்பு இல்லைன்னு சொன்னேன், ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சிட்டான். நீ போலீஸ்காரன் மாதிரி பேசினியே, என் பேச்சை யார் கேப்பா?" என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குப் பிஸ்கட் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயில் காலியாக இருந்தது. அப்பா எதிர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வேலையில இருந்தப்ப நான் சொல்ற நம்பரும் மெஷின் காட்டுற நம்பரும் ஒத்துப்போகும்மா. அதனாலதான் என் கண்ணை அவ்வளவு நம்பினேன். இப்ப யோசிச்சுப் பார்த்தா, வேகமா வர்றான்னு நான் நினைச்சவன் பக்கம்தான் மெஷினைத் திருப்பியிருக்கேன். நான் திருப்பாதவங்க எவ்வளவு வேகத்துல போனாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"மெஷின்தானே சம்மன் குடுத்துச்சு. தப்பா யாருக்கும் குடுத்திருக்க மாட்டீங்கப்பா."

"அது மெஷின் இருந்ததால. கண்ணால பார்த்தது போதும், எழுதிக் குடுன்னு என்கிட்ட யாராவது சொல்லியிருந்தா, தைரியமா எழுதியிருப்பேன். ஒவ்வொருத்தனும் என்னைப் பார்த்து இல்ல சார், இல்ல சார்னு சொல்லியிருப்பான். நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று ஒரு போலீஸ்காரரிடம் சொன்னவள் நான். எதிரே ரத்தம் வழியும் கையோடு நின்றவனின் முகத்தை அன்றைக்கு நான் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை.

இளைஞன்மேல் வழக்கு எதுவும் வரவில்லை. எக்ஸாஸ்டை மாற்றியதற்கு மட்டும் அபராதம் போட்டார்கள் என்று அவன் பிறகு போனில் சொன்னான். வண்டி திரும்பக் கிடைத்தது. டெலிவரி வேலையையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்களாம். தீபாவளிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்படி அப்பா அவனைக் கூப்பிட்டார். "பார்க்கலாம் அங்கிள்" என்றான். தீபாவளியன்று அப்பா மத்தியானம்வரை வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அவன் வரவில்லை. ஏன் வரவேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.